வெரா டிரேக்கா, ருமேனியப் படமா, ஹேப்பனிங்கா: எதை முதலில் பார்ப்பது?

நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்க்கிறோம். படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். உண்மையில் கூடுவதே அதற்காகத்தான். கருக்கலைப்பு குற்றமாக இருந்த காலத்தைக் காட்டும் படம் ஒன்றைப் பார்க்கலாம் என்று இந்த முறை முடிவானது. எந்தப் படம் என்பதில்தான் இழுபறி. மூன்று பெயர்கள் அடிபட்டன. மைக் லீ இயக்கிய 'வெரா டிரேக்' (2004), கிறிஸ்டியன் முஞ்ஜியு இயக்கிய ருமேனியப் படம் '4 மாதங்கள், 3 வாரங்கள், 2 நாட்கள்' (2007), ஆட்ரி திவான் இயக்கிய பிரெஞ்சுப் படம் 'ஹேப்பனிங்' (2021).

விருதை வைத்து முடிவு செய்யலாம் என்றால் அதுவும் நடக்காது. முதலாவதும் மூன்றாவதும் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியவை. நடுவில் இருப்பது கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. மூன்றையும் நான் முன்பே பார்த்திருந்ததால் தேர்வு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சரி, பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

கேட்டபோது ஒன்று புரிந்தது. கருக்கலைப்பு சரியா தப்பா என்று யாரும் அவ்வளவாக மல்லுக்கு நிற்கவில்லை. எல்லோருக்கும் படத்தில் வரும் ஒரு ஆள் மீதுதான் கோபமோ பரிதாபமோ இருக்கிறது. "அந்த வெரா இவ்வளவு நல்லவளா, நம்ப முடியலையே" என்கிறார் ஒருவர். "கபிட்சாவை ஓங்கி ஒரு அறை விடணும் போல இருந்தது" என்றாள் இன்னொரு தோழி. "ஆன் ஏன் யாரிடமும் மனசு விட்டுப் பேச மாட்டேன் என்கிறாள்?" என்பது மூன்றாவது குறை. இது தற்செயல் இல்லை. மூன்று படங்களும் வெவ்வேறு ஆளின் முதுகுக்குப் பின்னால் கேமராவை வைத்திருக்கின்றன. வெரா அந்தக் காரியத்தைச் செய்து கொடுப்பவள். ருமேனியப் படத்தின் ஒடிலியா, கர்ப்பிணியான கபிட்சாவோடு கூட நிற்கும் தோழி. ஹேப்பனிங்கின் ஆன், வயிற்றில் சுமப்பவள். உங்களால் யாரோடு இரண்டு மணி நேரம் இருக்க முடியும் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு.

முதலில் வெரா. அதிகம் வாக்குவாதம் நடப்பதும் இந்தப் படத்தைப் பற்றித்தான்.

லண்டன், 1950. போர் முடிந்து ஐந்து வருஷமாகியும் தேயிலை, சர்க்கரை, மிட்டாய் எல்லாம் இன்னும் ரேஷனில்தான். வெரா பணக்காரர்கள் வீட்டில் முட்டி போட்டுத் தரை துடைப்பவள். கணவன் ஸ்டான், தம்பியின் கராஜில் மெக்கானிக். மகன் சிட் தையல் வேலை, மகள் எத்தல் பல்பு ஃபேக்டரி வேலை. போகிற வழியில் உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டில் எட்டிப் பார்த்து, தலையணையைச் சரி செய்து, டீ போட்டுக் கொடுத்துவிட்டு வருவாள். அதே சிரிப்போடு, அதே கெட்டிலைக் கேட்டு வாங்கி அடுப்பில் வைத்து, மாட்டிக்கொண்ட பெண்களுக்குக் கருவையும் கலைத்துவிடுவாள். காசு வாங்குவதில்லை. ஆனால் ஆள் பிடித்துக் கொடுக்கும் லில்லி, தலைக்கு 2 கினி (அந்தக் காலத்து பிரிட்டிஷ் பணம்) வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாள். வெராவுக்கு அது தெரியாது. அதே லில்லி கள்ளச் சந்தைச் சர்க்கரையும் வெராவிடமே விற்பாள்.

"இப்படி ஒரு புனிதவதியைக் காட்டினால் பார்ப்பவன் வேறு பக்கம் யோசிக்கவே முடியாதே, இது ஏமாற்று" என்பதுதான் படத்தின் மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு. முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை ஒரு காட்சியில் நின்றுவிட்டேன். கரீபியத் தீவிலிருந்து வந்த ஒரு பெண், தனி அறை, பக்கத்தில் யாரும் இல்லை, பயத்தில் வெலவெலத்துப் போயிருக்கிறாள். வெரா தன் வேலையை முடிக்கிறாள், இதமாக நாலு வார்த்தை சொல்கிறாள், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அந்தப் பெண்ணின் கண்கள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மறுநாள் அவளுக்கு என்ன ஆனது? வெராவுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்திருக்கிறது. அன்பு நிஜம்தான், பொறுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. படம் இதைச் சொல்லிக் காட்டவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு விமர்சனம் மருத்துவ ரீதியானது, அது கனமானது. லண்டனின் ஏழைப் பகுதிகளில் மருத்துவச்சியாக வேலை பார்த்த ஜெனிஃபர் வொர்த், படத்தில் வரும் முறை மிகவும் ஆபத்தானது, அதை இவ்வளவு சுலபமாகவும் வலியில்லாமலும் காட்டியது தப்பு என்று 2005இல் கார்டியன் நாளிதழில் எழுதினார். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. படத்தில் ஒரே ஒரு பெண்தான் சாவின் விளிம்புக்குப் போகிறாள், அதுவும் கதை நகர்வதற்காக. மற்றவர்கள் எல்லாம் கதைக்கு வெளியே போய்விடுகிறார்கள். வெராவின் கண்ணில் உலகம் அப்படித்தான் தெரியும் என்று படத்துக்காக வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. பார்ப்பவர்களில் விவரம் தெரியாதவர்கள் இருந்தால், படம் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

சூசன் கதை ஒட்டவில்லை என்பது மூன்றாவது குறை. வெரா வேலை செய்யும் பெரிய வீட்டுப் பெண் அவள். கூட வெளியே போன இளைஞன் பலாத்காரம் செய்துவிடுகிறான். அவள் டாக்டரைப் பார்க்கிறாள், அங்கிருந்து மனநல மருத்துவரிடம் போகிறாள், அங்கிருந்து சுத்தமான வெள்ளைப் படுக்கை விரித்த ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்கு. முடிந்தது. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. அதற்குப் பிறகு அவள் கதையோடு சேருவதே இல்லை. "அப்புறம் எதற்கு அந்தப் பெண்?" என்று பலரும் கேட்கிறார்கள். சேராமல் போவதற்காகத்தான் அவளை வைத்திருக்கிறார்கள் என்பேன். இங்கே கொஞ்சம் சட்டம் தெரிந்தால் காட்சி திறந்துகொள்ளும். 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு குற்றம், ஆயுள் வரை தண்டனை கொடுக்க இடம் உண்டு. 1938இல் அலெக் போர்ன் என்ற டாக்டர், பலாத்காரத்துக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்குக் கருவைக் கலைத்துவிட்டுத் தானே முன்வந்து வழக்கைச் சந்தித்து விடுதலையானார். கர்ப்பம் பெண்ணின் உடலையோ மனத்தையோ சிதைத்துவிடும் என்று டாக்டர் நல்ல எண்ணத்தோடு நம்பினால் செய்யலாம் என்ற வழி அதில் பிறந்தது. மனநல மருத்துவரின் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்தது அப்படித்தான். கையெழுத்து வாங்கப் பணம் வேண்டும், யாரிடம் போவது என்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். லில்லியிடம் போகும் பெண்களுக்கு இரண்டும் கிடையாது. பிரிட்டனில் சட்டம் மாறியது 1967இல், நடைமுறைக்கு வந்தது 1968 ஏப்ரலில். அதிலும் வட அயர்லாந்து சேர்த்தி இல்லை. அங்கே அது குற்றமாக இல்லாமல் போனது 2019இல்தான்.

இப்போது அந்த விருந்துக் காட்சி. எத்தலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ரெஜ், வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. சின்ன அறையில் எல்லோரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு தட்டப்படுகிறது. போலீஸ். கேமரா வெராவின் முகத்தை விட்டு நகரவே இல்லை. சிரிப்பு ஒரேயடியாகப் போய்விடாமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது. இமெல்டா ஸ்டாண்டனுக்கு வெனிஸில் சிறந்த நடிகை விருதும், ஆஸ்கருக்குப் பரிந்துரையும் கிடைத்ததற்கு இந்த ஒரு முகமே போதும். மைக் லீ எழுதி வைத்த திரைக்கதையோடு படமெடுப்பவர் இல்லை. மாதக்கணக்கில் நடிகர்களோடு ஒத்திகை நடத்திக் கதையைத் திரட்டுபவர். குடும்பத்தினராக நடித்தவர்களுக்கு வெரா இந்த வேலை செய்கிறாள் என்பதே, ஒத்திகையில் போலீஸ் கதவைத் தட்டும் வரை தெரியாது. அந்த அறையில் தெரியும் திகைப்பில் ஒரு பங்கு நிஜத்திலிருந்து வந்தது.

அப்புறம் காவல் நிலையம். கணவனிடம் அவளே சொல்லட்டும் என்று விடுகிறார்கள். வாய் வரவில்லை. கடைசியில் ஸ்டானின் காதில் சொல்கிறாள். நமக்குக் கேட்காது. கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொல்கிறார்கள், அது லேசில் வர மறுக்கிறது. "கைதுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அழுகையே, ஒரே ஸ்ருதி" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் பாதி ஒத்துப்போவேன். நீதிமன்றப் பகுதி நீளம்தான். ஆனால் அந்தப் பகுதியில்தான் கிறிஸ்மஸ் நாள் வருகிறது. ஜாமீனில் வந்த அம்மா, அவளோடு முகம் கொடுத்துப் பேசாத மகன், யாருக்கும் தொண்டையில் இறங்காத இனிப்பு. ரெஜ் மட்டும், ரொம்ப நாளைக்கு அப்புறம் தனக்கு வாய்த்த நல்ல கிறிஸ்மஸ் இதுதான் என்று வெராவுக்கு நன்றி சொல்கிறான். படத்திலேயே அதிகம் பேசாதவன் அவன்தான். இந்த ஒரு இடத்துக்காக நீளத்தைப் பொறுத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளையின் பேச்சைச் சொல்லும்போது கொழுந்தன் மனைவி ஜாய்ஸையும் சொல்ல வேண்டும். வாஷிங் மெஷினும் புது வீடும்தான் அவள் உலகம் என்பது போல ஒரு கோட்டில் வரைந்துவிட்டார்கள். இதை எல்லோரும் குறை சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ருமேனியப் படத்துக்கு வருவோம். மூன்றில் இதுதான் உயர்ந்த படம் என்பது என் முடிவு. இருந்தாலும் முதலில் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

1987, ருமேனியாவின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியின் கடைசிக் காலம். மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் கொண்டுவந்த 770ஆம் எண் ஆணை கருக்கலைப்பை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தது. மறு வருஷமே பிறப்பு விகிதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அதன் பிறகு பெண்கள் ரகசிய வழிகளைக் கண்டுபிடிக்க, விகிதம் மறுபடி இறங்கியது. ரகசிய வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஆட்சி கவிழ்ந்ததும் 1989 டிசம்பர் 26 அன்று ரத்தான முதல் ஆணைகளில் இதுவும் ஒன்று. படத்தில் இதையெல்லாம் யாரும் வசனமாகப் பேசுவதில்லை. ஹோட்டலில் அறை வாங்க ஒரு பெண் படும் பாட்டையும், கைக்குக் கை மாறும் கென்ட் சிகரெட் பாக்கெட்டையும் பார்த்தே அந்த நாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

கபிட்சாதான் கர்ப்பிணி. அவள் பொய் சொல்கிறாள், மறக்கிறாள், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிறாள். ஹோட்டலை உறுதி செய்யவில்லை, மாதத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். அதற்கெல்லாம் விலை கொடுப்பது ஒடிலியா. கருவைக் கலைக்க வரும் பெபே என்ற அந்த ஆள் பணத்துக்குப் பதில் என்ன கேட்கிறான் என்பதை இங்கே எழுதவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். என் தோழிக்கு கபிட்சா மீது வந்த ஆத்திரம் எனக்கும் வந்தது. வெராவின் நல்ல குணம் நம்மைச் சுலபமாக அவள் பக்கம் இழுத்துக்கொண்டது. கபிட்சா அப்படி இழுப்பதில்லை. உதவி கேட்பவள் நல்லவளாக இருந்தால்தான் உதவி செய்வோமா என்ற நெருக்கடியில் நம்மைத் தள்ளுகிறாள். வெரா டிரேக்கில் இந்தக் கஷ்டம் கிடையாது. இரண்டு படங்களுக்கும் நடுவே நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

சாப்பாட்டு மேஜைக் காட்சியில்தான் பாதிப் பேர் படத்தை வெறுக்கிறார்கள், பாதிப் பேர் கும்பிடுகிறார்கள். தோழியை ஹோட்டல் அறையில் அந்த நிலையில் விட்டுவிட்டு, காதலனின் அம்மா பிறந்தநாளுக்கு ஒடிலியா போயே தீர வேண்டும். கேமரா மேஜைக்கு எதிரே ஆணி அடித்தது போல நிற்கிறது. டாக்டர்களும் அவர்கள் மனைவிகளும் உருளைக்கிழங்கு சமைப்பதிலிருந்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் வரை பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கோ டெலிஃபோன் அடிக்கிறது, யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரே ஷாட், ஏழெட்டு நிமிஷம். "போரடித்தது" என்று ஒருவர் சொன்னார். எனக்கு நகத்தைக் கடிக்க வைத்தது. பெபேயின் பையிலிருந்து ஒடிலியா எடுக்கும் கத்தி கடைசி வரை பயன்படவில்லையே என்றும் ஒரு புகார் உண்டு. த்ரில்லர் பார்த்துப் பழகிய கண்ணின் புகார் அது, விட்டுவிடலாம்.

குளியலறைத் தரையில் கேமரா கலைந்த கருவை வெகுநேரம் பார்ப்பதைப் பற்றிய புகாரை அப்படி விட முடியாது. அந்த ஷாட் தேவையா? கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள், ஆதரிப்பவர்களில் சிலர் இது கொடுமை என்கிறார்கள். ஒடிலியா அதைப் பார்த்தாள், அதனால் நாமும் பார்க்கிறோம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த பதில். ஆனாலும், சொந்த வாழ்க்கையில் கருச்சிதைவைக் கடந்து வந்த ஒருவரை இந்தப் படத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் உட்கார வைக்கக் கூடாது. ஹேப்பனிங்குக்கும் இதே எச்சரிக்கை.

ஹேப்பனிங் மூன்றில் குறைந்த நேரம், 100 நிமிஷம். அதிகம் உடம்பில் உறைப்பதும் அதுதான். பிற்பாடு 2022இல் நோபல் பரிசு பெற்ற அன்னி எர்னோ, தன் மாணவப் பருவத்தில் நடந்ததை 2000ஆம் ஆண்டு எழுதிய புத்தகம்தான் மூலம். 1963, பிரான்ஸ். ஆன் படிப்பில் கெட்டிக்காரி, தொழிலாளர் குடும்பத்துப் பெண். படித்து மேலே வந்தால்தான் கதி. நாள் தள்ளிப் போகிறது. அதன் பிறகு திரையில் வாரக் கணக்கு வந்து வந்து போகிறது. சட்டம் 1975இல்தான் மாறப்போகிறது, அவளுக்கோ வாரங்கள்தான் இருக்கின்றன. கலைக்க மருந்து என்று நம்பி வாங்கியது கருவை உறுதிப்படுத்தும் மருந்து என்று இன்னொரு டாக்டர் சொல்லித் தெரியும் இடம் சின்னதுதான். வெராவுக்கு விழுந்த தண்டனையைவிட எனக்கு அதுதான் கொடூரமாகப் பட்டது.

"இது பழைய காலத்தைக் காட்டும் படம் மாதிரியே இல்லையே" என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய காரும் தெருவும் கண்ணில் படாமல், சதுரத்துக்குப் பக்கத்தில் வரும் குறுகிய திரைச் சட்டத்துக்குள் ஆனின் கழுத்தும் தோளுமே நிறைந்திருக்கும். வேண்டுமென்றே செய்தது. லண்டனின் அந்தப் பழுப்பு நிறச் சுவர்த்தாள், தொப்பி, ரேஷன் டீ எல்லாம் நம்மைப் பாதுகாக்கின்றன: அது அந்தக் காலம் என்று சாய்ந்து உட்காரலாம். ஹேப்பனிங் சாய விடாது. அதனாலேயே கூட்டத்தில் பார்க்க இது சரிப்படவில்லை. பின்னல் ஊசி வரும் காட்சியில் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தை மூடிக்கொண்டால் நம் கவனமும் அவர் மீது போய்விடும். தனியாகப் பார்க்க வேண்டிய படம். ஆன் யாரிடமும் மனசு விட்டுப் பேசவில்லை என்று கேட்டார்களே, பேசினால் கேட்பவரும் சிறைக்குப் போக நேரிடும் என்பதை அப்படித் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது புரிந்துகொள்ளலாம்.

நாலாவதாக ஒருவர், குளோட் ஷப்ரோல் 1988இல் எடுத்த 'ஸ்டோரி ஆஃப் விமன்' படத்தையும் சொன்னார். இஸபெல் உப்பேர் நடித்தது. போர்க்காலத்தில் நாஜிகளோடு ஒத்துப்போன பிரான்ஸின் விஷி அரசு, கருக்கலைப்பு செய்ததற்காக 1943 ஜூலையில் கில்லட்டினில் தலை வெட்டிய மரி லூயிஸ் ஜிரோ என்ற பெண்ணின் கதையைத் தழுவியது. வெராவுக்கு நேர் எதிர்: காசு வாங்குகிறாள், அந்தக் காசில் நல்லதாக உடுத்துகிறாள், அறையை விலைமாதருக்கு வாடகைக்கு விடுகிறாள். வெரா ரொம்ப நல்லவளாக இருக்கிறாள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நேராக இதைத்தான் கையில் கொடுக்க வேண்டும். அவள் கழுத்துக்கு நீங்கள் பதறுகிறீர்களா என்று பாருங்கள்.

எங்கள் கூட்டத்துக்கு வெரா டிரேக் என்று முடிவு செய்தேன். எல்லா வயதினரும் இருக்கிறோம், பாதிப் பேர் இந்த விஷயத்தைச் சத்தமாகப் பேசியதே இல்லை. கத்தாமல் உள்ளே கூட்டிப் போகும் படம் அது. அதோடு, வாதாட நிறைய இடம் விட்டிருக்கிறது. முஞ்ஜியு படம் முடிந்தால் பேச்சு எழாது, கலைந்து போய்விடுவார்கள். வெரா டிரேக் பார்த்து முடித்ததும் லில்லியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். ஹேப்பனிங்கை அவரவர் வீட்டில் பார்ப்பது என்று பேச்சு.

முஞ்ஜியு படம் அடுத்த மாதம். ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்திருக்கிறேன்: சாப்பாட்டை முன்னாடியே முடித்துவிடுங்கள். கடைசிக் காட்சி உணவகத்தில். சர்வர் தட்டைக் கொண்டுவந்து வைத்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை.